கழுவிய முந்திரிகை

சனிக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு என் மகள் ஒரு போத்தலைத் திறந்தாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் குசினி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றிருந்தேன், அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. அந்த நிமிடம்வரை எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

கிளாஸில் ஊற்றினாள். அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாக இருந்தது.

"மணந்து பாருங்கோ அப்பா. நேச்சுரல் வைன். சல்ஃபர் இல்லை, ஈஸ்ட் போடேல்லை, நத்திங்."

மணந்து பார்த்தேன். முதலில் அடிபட்ட ஆப்பிள். பிறகு நனைந்த சாக்கு. அதற்கும் அடியில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை, ஒரு நூலளவு. பழகாத மூக்குக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அதை வைனின் மகிமை என்று ஆரணி நினைத்துக்கொண்டாள்போலும். சந்தோஷமாக அடுத்ததையும் சொன்னாள். ஃபார்மஸி வேலையை விட்டுவிட்டாளாம். சிநேகிதிகள் இரண்டு பேருடன் சேர்ந்து ஒரு சின்ன முந்திரிகைத் தோட்டத்தை, திராட்சைத் தோட்டத்தைத்தான் சொல்கிறேன், குத்தகைக்கு எடுத்து, இதே மாதிரி வெள்ளை வைன் செய்யப் போகிறாளாம்.

"உனக்கென்ன விசரோ?" என்றேன்.

ஒரு தகப்பன் அந்த இடத்தில் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகள் எத்தனையோ உண்டு. சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக நினைவு வந்துகொண்டிருக்கின்றன.

"நீங்களும் செய்தனீங்கள்தானே! பெரியம்மா ஃபோனில சொன்னவ. டூ இயர்ஸ், அப்பா! எனக்கு ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். இன்று காலை, அப்பா வேலை செய்த பழைய தோட்டத்தைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் வருகிறேன் என்று தாயிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மத்தியானம் போய் வெகுநேரமாகிறது. கைத்தொலைபேசியில் அவளுடைய குரல் மட்டும், செய்தியை விடச் சொல்லி, திரும்பத் திரும்ப. "பிள்ளை வருவாள். சும்மா வாசலுக்கும் குசினிக்கும் நடவாதேங்கோ" என்று சொல்லிவிட்டு மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். அதனால் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிச் சொல்லத் தொடங்கினேன். உங்களுக்குச் சொல்வது சுலபம். நீங்கள் கதவை அடித்துச் சாத்தமாட்டீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதியில், இரசாயனவியல் பட்டத்தைப் பிளாஸ்டிக் உறையொன்றில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ன் வந்து இறங்கினேன். அந்த உறையைத் திறந்து பார்க்க இங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. அண்ணா எனக்கு முன்னமே படிக்க வந்து, மார்கரெட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கலியாணம் செய்து, அவளுடைய தகப்பனின் முந்திரிகைத் தோட்டத்திலேயே குடியிருந்தார். ஆரணி சொன்ன பெரியம்மா இந்த மார்கரெட்தான். டண்டினொங் தொழிற்சாலைகளைக் கடந்து, மாட்டுப் புல்வெளிகளையும் கடந்து, மலை தெரியத் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தத் தோட்டம். "கொஞ்ச நாளைக்கு வந்து முந்திரிகை வெட்டன்ரா" என்றார் அண்ணா. அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமாயிற்று.

மார்கரெட்டின் தகப்பன் பெயர் ஆர்தர். மனைவியை இழந்தவர், நெடுநெடுவென்ற உயரம், பேச்சு குறைவு. சுற்றிவர இருந்தவை ஆப்பிள் தோட்டங்கள். அங்கே மருந்தடிக்கும் நாட்களில் காற்று நம் பக்கம் வீசினால் ஆர்தர் வேலிக்கரையில் போய் நின்று, வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். தன் தோட்டத்தில் அவர் எந்த மருந்தும் அடித்ததில்லை. களையை மண்வெட்டியால் கொத்துவார். நத்தைகளைத் தின்பதற்கு வாத்துகள் வைத்திருந்தார். ஓகானிக் என்ற சொல்லை ஊரில் ஒருவரும் அப்போது சொல்லவில்லை. களைக்காட்டு ஆர்தர் என்றுதான் சொன்னார்கள். வாத்துகள் வரிசையாகப் போகும்போது அவற்றின் பின்னால் அவரும் அதே நடையில் போவார். அண்ணாவும் நானும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

வெள்ளை வைன் விஷயத்தில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. விடியற் குளிர் இருக்கும்போதே குலைகளை வெட்டவேண்டும். காம்போடு முழுக் குலையாக மரக்கூடைக்குள் போட்டு, மேலே திருகாணியை மெல்ல மெல்லத் திருகிப் பிழியவேண்டும். அவசரப்பட்டால் தோலின் கசப்பு இறங்கிவிடும். சாற்றை ஒரு நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் பீப்பாய்க்குள் விடுவார். பீப்பாயைக் கொதிநீரால் ஏற்கெனவே அவித்து வைத்திருப்பார். பிறகு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். கெடாமல் காக்கும் கந்தகமும் போடுவதில்லை, கடையில் வாங்கும் ஈஸ்டும் போடுவதில்லை. பழத்தின் தோலில் வெண்பூச்சாகப் படிந்திருக்கிறதே, அதிலிருக்கும் ஈஸ்ட் போதும் என்பார். இரண்டு மூன்று நாளில் பீப்பாயில் காதை வைத்தால் மழை தூறுவதுபோல ஒரு சத்தம் கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் ஈஸ்டை மதுவம் என்று பாடமாக்கி எழுதினேனே, அந்தப் பொருள் எங்கே வாழ்கிறது என்று அங்கேதான் கண்டேன். ஆனால் அது எனக்குப் புதினமாகவும் இருக்கவில்லை. பனங்கள் இறக்குகிறவர் யாராவது ஈஸ்ட் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? முட்டியில் சுண்ணாம்பு தடவினால் இனிப்பான கருப்பநீர், தடவாவிட்டால் தானாகப் புளித்துக் கள்ளு. ஆர்தரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்து, அந்தக் கள்ளிறக்குகிறவரைத் தனக்கு அறிமுகப்படுத்த முடியுமா என்று கேட்டார். அவர் கேட்ட நீளமான கேள்வி அது ஒன்றுதான்.

நான் சொல்ல வந்த வருடம் இரண்டாவது வருடம். அதற்கு முன் இரண்டு அறுவடைகள் தொடர்ந்து கெட்டிருந்தன, ஒன்று ஆலங்கட்டி மழையால், மற்றது பூஞ்சணத்தால். வங்கி பொறுமையிழந்துவிட்டது. அந்த வருட வெள்ளை வைன் போத்தலுக்குள் போகாவிட்டால் காணி பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரருக்குப் போகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பழம் நன்றாக விளைந்திருந்தது. மார்கரெட் வயிற்றில் பிள்ளை.

அந்தப் பிள்ளைக்காகத்தான் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தா. வெள்ளைக்காரியைக் கட்டினதிலிருந்து அண்ணாவுக்கு ஒரு கடிதம்கூடப் போடாத மனுசி, பேரப்பிள்ளை என்றதும் விமானமேறிவிட்டா. வந்தா என்றாலும் மருமகளுடன் பேசவில்லை. இருவருக்கும் பொதுவான மொழி இல்லாதது அம்மாவுக்கு வசதியாகவும் போயிற்று. தன் சட்டியில் தான் சமைத்துத் தானே சாப்பிட்டா. மிச்ச நேரமெல்லாம் கழுவினா. குசினி நிலம், யன்னல், படி, எங்கள் சப்பாத்து. ஆர்தரின் மண்வெட்டியையும் ஒரு நாள் கழுவி வெயிலில் வைத்திருந்தா.

பங்குனி மாதம், இன்றைப்போல ஒரு நாள். விடியப்புறமே வெட்டி முடித்துப் பெட்டி பெட்டியாக ஷெட் நிழலில் அடுக்கினோம். பிழியத் தொடங்கியதும் கூடையின் திருகாணி மரை கழன்று நின்றுவிட்டது. எங்கள் அதிர்ஷ்டத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது! ஆர்தரும் அண்ணாவும் அதைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். அது உருளாமல் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஏறியவன் நான், பட்டதாரி. டவுணில் பட்டறைக்காரர் தேத்தண்ணி குடித்து, வானிலை பேசி, பிறகுதான் கையை வைத்தார். மார்கரெட் நாரி நோகிறதென்று வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாள். ஷெட்டில் அம்மா தனியாக இருந்தா.

நாங்கள் திரும்பியபோது வடக்கிலிருந்து சுடுகாற்று வீசிக்கொண்டிருந்தது. ஷெட் நிலம் ஈரமாக இருந்தது. அம்மா நிலத்தைக் கழுவியிருக்கிறா என்று நினைத்தோம். அது வழக்கம்தானே. "உங்கள் அம்மா நல்ல சுறுசுறுப்பு" என்றார் ஆர்தர்.

பிழிந்தோம். தெளியவைத்தோம். பீப்பாய்க்குள் விட்டோம்.

பிறகு சத்தமே இல்லை.

மூன்றாம் நாள் ஆர்தர் காதை வைத்துப் பார்த்து, "கொஞ்சம் பிந்துகிறது" என்றார். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார். நான் காலையும் மாலையும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு இனிப்பின் அளவைப் பார்த்தேன். நொதித்தால் இனிப்பு இறங்கவேண்டும்; ஒரு கோடுகூட இறங்கவில்லை. அளவு போன வருடத்தைவிடக் குறைவாக இருந்ததும் விளங்கவில்லை. டவுணில் பாண் பேக்கரி வைத்திருப்பவரிடமாவது ஈஸ்ட் வாங்கி வருவோம் என்றேன். வைனுக்கென்றே பொட்டலத்தில் விற்கிறார்கள், ஆள் அனுப்பி எடுப்பிக்கலாம் என்றேன். நொதித்தலைப் பற்றி நான் பரீட்சையில் எவ்வளவு மார்க் எடுத்தேன் என்பதைக்கூடச் சொன்னேன். வெட்கக்கேடு. ஆர்தர் தலையை ஆட்டினார். "வரும். அவசரப்படுத்தினால் அது என் வைன் இல்லை."

அண்ணா என்னை ஷெட்டுக்கு வெளியே இழுத்துப்போய்க் கத்தினார்.

"நீயெல்லாம் என்னத்தைக் கெமிஸ்ட்ரி படிச்சனி? மாமாவுக்கு எடுத்துச் சொல்லத் தெரியாதே?"

"நீங்கள்தானே மருமோன். நீங்கள் சொல்லுங்கோவன்."

"நான் சொன்னா, பாங்குக்குப் பயந்து சொல்லுறன் எண்டு நினைப்பார்."

"பயம்தானே?"

"ஓமடா, பயம்தான்!"

இரண்டு பேரும் வாத்துகளுக்கு நடுவில் நின்று கத்தினோம். வீட்டுக்குள் அம்மா யன்னலைக் கழுவிக்கொண்டிருந்தா. பகல் வெயிலில் ஷெட் தகரம் கொதித்தது. நாங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோய்ச் சாக்கை நனைத்தோம். நொதிக்காத இனிப்புச் சாறு, கந்தகமும் இல்லாமல், அந்த வெப்பத்தில். வாசனை மெல்ல மாறுவதை என் மூக்குக் கண்டுபிடித்தது. சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை முடிவில், காலைச் சாப்பாட்டு மேசையில் மார்கரெட் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. அழுதபடியே தட்டிலிருந்த சின்னக் குலையிலிருந்து ஒரு பழத்தை ஆய்ந்து வாயருகே கொண்டுபோனாள். அம்மா எட்டி அந்தப் பழத்தைப் பிடுங்கினா. குலையோடு தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மருமகளின் உள்ளங்கையில் வைத்தா. அவ மார்கரெட்டைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அழாதை பிள்ளை. ஒண்டுக்கும் பயப்பிடாதை. அண்டைக்கு ஷெட்டில கிடந்த முழுதையும் இப்பிடித்தான் கழுவினனான். ஒரு குலை விடேல்லை."

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினா. ஒரு கையில் குழாய், மறு கையில் குலை, தொட்டிக்குள் அமுக்கல், உதறல். மேலே இருந்ததைச் சுடுகாற்று காயவைத்திருக்கிறது, அடியில் தேங்கின தண்ணீர்தான் சாற்றில் கலந்து இனிப்பைக் குறைத்திருக்கிறது. மார்கரெட் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இப்போது உங்கள் அம்மா என்ன சொன்னார்?"

அவளுக்குப் பின்னால் வாசலில் ஆர்தர் நின்றிருந்தார். மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் இத்தனை பேர் இவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்டது வேறெப்போதும் இல்லை.

"ஏன் என்று கேள்" என்றார் ஆர்தர்.

"ஏனோ? நல்ல கேள்வி! ஊரில எங்கட பக்கத்து வீட்டு முந்திரிகைப் பந்தலில கிழமைக்கொருக்கா மருந்தடிக்கிறவங்கள். கழுவாமத் திண்டுபோட்டு ஒரு பெடியனை ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவை. இஞ்சையும் வெள்ளை வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு. இவள் பிள்ளைத்தாச்சி, போக வர ஆய்ஞ்சு வாயில போடுறாள். என்னைப் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லுறியளோ?"

அதை ஆர்தருக்குச் சொன்னேன். அந்த மாவட்டம் முழுவதிலும் மருந்தே படாத ஒரே பழம் அது. ஆர்தர் மேசைக்கு வந்து, தட்டில் கழுவாமல் மிஞ்சியிருந்த ஒற்றைப் பழத்தை எடுத்துப் பெருவிரலால் அதன் வெண்பூச்சைத் தேய்த்துப் பார்த்தார்.

"இதுதான் என் ஈஸ்ட் என்று சொல்லு."

அதையும் சொன்னேன்.

"ஊத்தையிலையோ இவை கள்ளுக் காய்ச்சுறவை?" என்றா அம்மா.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆர்தர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பறவைகளுக்கென்று அவர் வெட்டாமல் விடும் கடைசி வரிசை ஒன்று உண்டு. எஞ்சியிருந்ததை ஆய்ந்து, காலால் மிதித்து வெயிலில் வைத்தார். பாலுக்கு உறை ஊற்றுவதைப்போல, அது பொங்கத் தொடங்கியதும் பீப்பாய்க்குள் ஊற்றினார். மறுநாள் தூறல் கேட்டது. அண்ணாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஆர்தர் சிரிக்கவில்லை. ஒரு கிளாஸ் இறக்கி மணந்தார், வாயில் வைத்தார், துப்பினார். அதற்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்பதுபோல மறுபடியும் ஒரு வாய் எடுத்தார். நகப்பூச்சு அழிக்கும் அந்த வாசனை ஷெட் முழுக்க நின்றது. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பீப்பாயாக அடைப்பைப் பிடுங்கி வாய்க்காலில் விட்டார். வருட உழைப்பு கலங்கலாக ஓடிப்போய் முந்திரிகை வேரடியில் சுவறியது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரண்டாம் நாளே பொட்டல ஈஸ்ட் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அந்தப் பிடிவாதக்காரர்மேல் கோபப்படலாமென்றால், வாளியோடு அவர் நடந்துபோன முதுகு கண்ணுக்கு முன் வரும். அம்மாமேல் கோபப்படலாமென்றால், அன்றிலிருந்து அவ மார்கரெட்டைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டா. மார்கரெட் அம்மாவின் சட்டியிலிருந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள். பிறந்த பேரனைத் தானே காப்பாற்றினதாக அம்மா சாகும்வரை நம்பினா. வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரத்தில் இன்று அவன் இருக்கிறான், ஆகவே இல்லையென்று நிரூபிக்கவும் வழியில்லை. வைன் வீணானதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஊத்தையோட குடிக்க விருப்பமெண்டால் குடிக்கட்டும்" என்பா.

காணி கைமாறியது. ஆர்தர் அண்ணாவுடன் நகரத்துக்கு வந்து ஒரு சின்ன அறையில் இருந்தார். யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த முறை அம்மா வந்தபோது, சந்தையில் வாங்கின முந்திரிகையைத் தானே குழாயடியில் நின்று கழுவி, தட்டில் வைத்து அவவுக்கு நீட்டினார். அது பகிடியோ, கோபமோ, மன்னிப்போ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருக்கலாம்" என்றா.

ஆரணிக்கு இதில் எதைச் சொல்வது? ஒரு காலை நேரத்து அன்பில் ஒரு தோட்டம் போய்விடும் என்றா? மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்ல நான் பயந்தவன் என்றா? சொல்லியிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். அம்மா செய்துகாட்டின இடத்தில் நானே சிரித்துவிடுவேன்.

இப்போது அந்தத் தகர ஷெட் இல்லை. சனிக்கிழமைகளில் பழைய கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுவந்து வைன் நிரப்பிப்போகும் நகரத்துக்காரர்கள் இல்லை. வாத்துகளும் அவற்றின் பின்னால் போகிற நடையும் இல்லை. இருவரும் போய்விட்டார்கள், ஆர்தர் முதலில், அம்மா பிறகு. பீப்பாயில் காதை வைத்துக் கேட்ட அந்தத் தூறலை நான் அதற்குப் பிறகு ஓரிடத்திலும் கேட்டதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. ஆரணி உள்ளே வந்தாள். சப்பாத்தெல்லாம் புழுதி.

"ஏன் ஃபோன் எடுக்கேல்லை?"

"சார்ஜ் முடிஞ்சுது அப்பா. சொரி." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அங்க ஒண்டும் இல்லை. முழுக்க வீடுகள். ஒரு ரோட்டுக்கு வைன் முந்திரிகையின்ர பேரில ரீஸ்லிங் கோர்ட் எண்டு வைச்சிருக்கினம், கேக்கவே கோபமா வந்துது. பட், ஒரு வீட்டு வேலியில ஒரு பழைய கொடி, இவ்வளவு மொத்தம். அந்த அன்ரிக்கு அது என்ன கொடியெண்டே தெரியாது. மருந்து கிருந்து ஒண்டும் அடிக்கிறேல்லையாம். எடுத்துக்கொண்டு போ எண்டவ."

பையிலிருந்து ஒரு குலையை எடுத்து மேசையில் வைத்தாள். சின்னப் பழங்கள், மஞ்சளோடிய பச்சை. மேலே வெண்பூச்சு, யாரும் தொடாமல்.

என் கை தன்பாட்டில் அதைத் தூக்கியது. கால் தன்பாட்டில் குசினிக்குப் போயிற்று. குழாயைத் திறந்தும்விட்டேன். பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"கழுவாதேங்கோ அப்பா. எனக்கு அது வேணும்."